கண்டல்முனை விதானையாரின் ஆள்கணக்கு

இராசதுரையிடம் ஊரைப் பற்றி விசாரிக்கிறவர்கள் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். "உங்கட பக்கம் எப்பிடி?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டாலும் போதும், மனிதர் தொடங்கிவிடுவார். எண்பத்தொன்றாம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கண்டல்முனையில் இருநூற்றுப் பதினான்கு குடும்பம், ஆயிரத்து நாற்பத்தாறு ஆள். தொண்ணூறில் ஊர் ஓடியபோது நூற்றெண்பது குடும்பம். அதற்குப் பிறகு நடந்த எண்ணிக்கைக்கு, சண்டை என்று சொல்லி, யாருமே ஊருக்குள் வரவில்லை. இரண்டாயிரத்தேழில் மீண்டும் ஓடி, எட்டில் திரும்பி வந்தபோது தொண்ணூற்றாறு குடும்பம். இப்போது அறுபத்தொன்று. கேட்டவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் அவரும் பத்தடி கூடவே ஓடி மிச்சத்தைச் சொல்வார்.

முப்பது வருடத்துக்கு மேல் கிராம சேவகராக இருந்தவர். அது அரசாங்கம் வைத்த பெயர், ஊருக்கு அவர் விதானையார். பென்சன் எடுத்து எட்டு வருடமாகியும் விதானையார்தான். கண்டல்முனை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஆட்கள் கடலோரப் பக்கம் போக வேண்டுமென்றால் பாதையில் ஏற வேண்டும். பாதை என்றால் ரோட்டு அல்ல. இரண்டு வள்ளத்தைச் சேர்த்துப் பலகை போட்டு, மோட்டார் சைக்கிளும் ஆளும் ஆடுமாக வாவியைக் கடக்கும் மிதவை. ஊரை விட்டுப் போன ஒவ்வொரு குடும்பமும் அந்தப் பாதையில் ஏறித்தான் போனது. போனவர்களை இராசதுரை மன்னித்ததே இல்லை. செங்கலடியில் வீடு கட்டிக் குடியேறிய ஒரு வாத்தியாரைச் சந்தையில் கண்டால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

ஆனால் ஆண்பிள்ளை போனால் அவர் அலட்டிக்கொள்வதில்லை. அவருடைய மகன்மார் இருவரும் போய்விட்டார்கள். மூத்தவன் தேற்றாத்தீவில் பெண்சாதி வீட்டில், இளையவன் கனடாவில். இங்கே வழக்கம் அப்படி. வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் ஆண் போய்ப் பெண் வீட்டில் இருப்பான். குடி என்கிற குலமும் தாய்வழிதான். தாய் எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. ஒரே குடியில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கச்சி முறை, கட்ட முடியாது. கண்ணகியம்மன் சடங்கு முடிகிற நாளில் கோயில் வாசலில் நின்று ஒவ்வொரு குடியாகப் பெயர் கூறி அழைப்பார்கள். அந்தக் குடியின் ஆள் முன்னுக்கு வந்து வெற்றிலைத் தட்டை வாங்க வேண்டும். முன்பு ஏழு குடி கூறுவார்கள். இன்று நாலு குடிக்கு வாங்க ஆளில்லை.

இராசதுரையின் குடி படையாண்டகுடி. அதில் ஊரில் மிஞ்சியிருந்தது ஐந்து பேர்: அவர், தங்கச்சி சிவமணி, சிவமணியின் ஒரே மகள் சர்மிலா, அவருடைய தாய் எடுத்து வளர்த்த, மகளில்லாத ஒரு பெண், அவளுடைய மகன். அவர் எத்தனை பிள்ளை பெற்றாலும் அது பெண்சாதியின் குடிக்குத்தான் போகும். சர்மிலா கண்டல்முனையில் வாழ்ந்து பிள்ளை பெற்றால் படையாண்டகுடி இருக்கும். இல்லாவிட்டால் அவரோடு சரி. மனிதர் பதினாறு வருடமாக நித்திரை கெட்டதெல்லாம் இந்த ஒரு விசயத்துக்குத்தான்.

சர்மிலாவின் தகப்பனைத் தொண்ணூறில் சண்டைக்குள் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அப்போது அவளுக்கு ஐந்து வயது. அன்றிலிருந்து தாய்க்கும் மகளுக்கும் ஆண்துணை மாமன்தான். இரண்டாயிரத்தெட்டில் ஊர் திரும்பியபோது எல்லாருமே கூடாரத்தில் இருந்தார்கள். கலியாணமாகாத குமரை வைத்துக்கொண்டு கூடாரத்தில் இருக்கிற தங்கச்சியைப் பார்க்க இராசதுரைக்குப் பொறுக்கவில்லை. வீடில்லாத பெண்ணை எவன் கேட்டு வருவான்? அவர்தான் யோசனை சொன்னார். ரெண்டே ரெண்டு வருசம் குவைத்துக்குப் போய் வரட்டும், வீட்டை நான் நின்று கட்டுகிறேன், வந்ததும் கலியாணம். சிவமணி அழுதாள். சர்மிலா அழவில்லை. "ரெண்டு வருசந்தானே மாமா?" என்று மட்டும் கேட்டாள். இருபத்துநாலு வயதில் ஒரு பெரிய வீட்டில் பிள்ளை பார்க்கப் போனாள்.

வீடு எழும்பியது. அதில் குறை சொல்ல முடியாது. அத்திவாரம் வெட்டின நாளிலிருந்து கூரை ஏறின நாள் வரை இராசதுரை வெயிலில் நின்றார். மேசன் ஒரு கல்லைக் கோணலாக வைத்தால் இறக்கி வைக்கச் சொல்வார். ஆனால் வீடு முடிகிறபாடாக இல்லை. இரண்டு அறை போதும் என்று தொடங்கியது மூன்றானது. மாப்பிள்ளை ஆசிரியராக இருந்தால் வாசிக்க ஓர் அறை வேண்டாமா? முன்னுக்கு ஒரு விறாந்தை இல்லாமல் என்ன வீடு? நிலத்துக்கு மாபிள், வாசலுக்குக் கேற். ஒவ்வொன்றுக்கும் சர்மிலா இன்னும் ஒரு வருடம் என்று நின்றாள். நாலு வருடம் அப்படிப் போனது.

அந்த நாலாம் வருடம்தான் அவள் அந்தக் கதையை எடுத்தாள். தினேஸ் என்று ஒருவன். இரத்தினம்மாவின் மகன். தோணி வைத்து வாவியில் இறால் பிடிப்பான், போகம் வந்தால் வட்டையில் வயல்வேலை செய்வான். தொண்ணூறில் ஊர் சிதறியபோது அவர்கள் கடலோரப் பக்கம் போய் அங்கேயே வளர்ந்து, எட்டில்தான் திரும்பி வந்தவர்கள். பக்கத்துப் பக்கத்துக் கூடாரம். தண்ணீர் பவுசருக்கு வாளியோடு வரிசையில் நின்ற நாட்களில் இருவரும் பேசிப் பழகியிருக்கிறார்கள். அவள் குவைத் போன பிறகும் அவன் வேறு எங்கும் பார்க்கவில்லை. ஊரை விட்டுப் போகிற எண்ணமும் அவனுக்கு இல்லை. கண்டல்முனையில் இருந்து பிள்ளை பெற, இதைவிடத் தோதான சோடியை இராசதுரை விளக்குப் பிடித்துத் தேடினாலும் கண்டிருக்க மாட்டார்.

ஆனால் இரத்தினம்மா படையாண்டகுடி. எழுபத்தெட்டில் சூறாவளி அடித்து, உன்னிச்சைக்கு உள்ளே ஒரு வயல்வாடியில் தாய் தகப்பனை இழந்து, தனியே நடந்து வந்த பெண் அவள். இராசதுரையின் தாய் நம்முடைய குடிப்பிள்ளை என்று வீட்டில் சேர்த்து, மகளாக வளர்த்துக் கலியாணமும் கட்டி வைத்தாள். இராசதுரையை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். அப்படிப் பார்த்தால் தினேசும் சர்மிலாவும் அக்கா தங்கச்சி பிள்ளைகள். அண்ணனும் தங்கச்சியும்.

இராசதுரை ஒரு நிமிடம்கூடத் தடுமாறவில்லை. நேரே இரத்தினம்மா வீட்டுக்குப் போய், "உன்ட மகன்ட சொல்லி வை. ஒரே குடிக்குள்ள இந்த எண்ணம் கூடாது. அம்மன் பொறுக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு வந்தார். சர்மிலா போனில் எடுத்தபோதும் அதையே சொன்னார். ஊடு இன்னும் முடியல்ல புள்ள, நல்ல இடமா நான் பாக்கன், நீ கண்டதையும் யோசியாம வேலையப் பார் என்றார். தினேஸ் ஆறு மாதம் பார்த்தான். பிறகு செங்கலடிப் பக்கம் கலியாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்குப் போனான். அவனுக்கு இப்போது மூன்று பெண்பிள்ளைகள்.

நல்ல இடம் வரவேயில்லை. முப்பதைத் தாண்டிய பெண், குவைத்தில் வீட்டுவேலை, தகப்பன் இல்லை என்று வந்தவர்கள் எல்லாரும் வீட்டை ஆசையோடு பார்த்தார்கள், படத்தைப் பார்த்துவிட்டு எழும்பினார்கள். வீடு முடிந்தது. சர்மிலா முடிந்த வீட்டைப் பார்க்க ஒருமுறை வந்து ஒரு மாதம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். பெரிய வீட்டில் சிவமணி தனியே, குசினிக்குப் பக்கத்து அறையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, மற்ற அறைகளைத் தினமும் கூட்டிப் பூட்டினாள். போன ஆவணியில் சிவமணியும் போய்ச் சேர்ந்தாள்.

சாவுக்கு வந்த சர்மிலாவுக்கு முப்பத்தொன்பது வயது. நெற்றியோரம் நரை. மார்கழியில் திரும்பிப் போக ரிக்கற் இருந்தது.  அதே மார்கழியில் குடிசன மதிப்பீடு. குறித்த இரவில் யார் எந்த வீட்டில் இருக்கிறார்களோ அவர்களைத்தான் அந்த வீட்டில் எழுதுவார்கள். படையாண்டகுடி தழைக்க என்று கட்டிய வீடு ஆளில்லாத வீடு என்று எழுதப்படப் போகிறது. உடனே அவர் இறங்கி வேலை செய்தார். உன்னிச்சையில் பெண்சாதி இறந்த ஒருவரைப் பிடித்தார். ஐம்பத்திரண்டு வயது, நெல்லு மெசினில் வேலை, வந்து இருக்கச் சம்மதம். சர்மிலாவிடம் சொன்னபோது அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பாப்பம் மாமா" என்றாள். அந்தப் 'பாப்பம்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கிழவர் இரண்டு கிழமை உசாராகத் திரிந்தார். நாற்பதில் பிள்ளை பெற்றவர்கள் யார் யார் என்று ஊர் ஊராகப் பெயர் சொல்லத் தொடங்கியிருந்தார்.

வீடுகளுக்கு இலக்கம் போட வந்த புதிய கிராம சேவகர் விதுஷனுக்கு ஊர் பிடிபடவில்லை. யாருடைய வளவு எங்கே தொடங்குகிறது என்று காட்ட விதானையாரைக் கூப்பிட்டார். இராசதுரை வெள்ளைச் சேட்டை மாட்டிக்கொண்டு முன்னுக்கு நடந்தார். இரண்டாம் நாள் காலை பத்து மணியளவில் இரத்தினம்மா வீட்டுக்குப் போனார்கள். அவள் கிணற்றடியில் இருந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அறுபத்தொரு வயது. புருசன் இறந்த பிறகு தனியேதான் இருக்கிறாள்.

"எத்தின பேரம்மா இஞ்ச?" என்று விதுஷன் கேட்டார்.

"நான் ஒராள்தான் மனே."

இராசதுரையால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "தினேஸ் மட்டும் ஊருக்குள்ள முடிச்சிருந்தா இஞ்சயும் சர்மிலாட ஊட்டுலயுமா இப்ப ஏழெட்டுப் பேர எழுதலாம் தம்பி" என்று விதுஷனிடம் சொன்னார். "என்ன செய்யிற? குடி ஒண்டாப் போச்சி. ஆள் கூடணும் எண்டதுக்காக முறைய உட ஏலுமா? நான் உடல்ல." சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இல்லை என்று மறைப்பதில் அர்த்தமில்லை.

இரத்தினம்மா அரிசிச் சட்டியை நிலத்தில் வைத்தாள்.

"நான் படையாண்டகுடி இல்ல, அண்ண."

இராசதுரைக்கு முதலில் விளங்கவில்லை. வெயில் தலைக்கேறிவிட்டது இவளுக்கு என்று நினைத்தார்.

"சூறாவளிக்கு மறுகா மூணு நாளா நான் ஒண்டும் திங்கல்ல" என்றாள் அவள். "உங்கட வாசல்ல கஞ்சி ஊத்தினாங்க. ஒவ்வொரு குடியும் தன்ட குடிச் சனத்துக்குத்தான் ஊத்தினிச்சி, உங்களுக்குத் தெரியாதா? உங்கட அம்மா, 'என்ன குடிகா புள்ள?' எண்டு கேட்டா. எனக்கு முன்னுக்கு நிண்டவள் வேறென்னவோ குடி சொன்னாள். அடுத்த தெருவுக்குப் போ எண்டாங்க. அதுக்கு முந்தினவள் படையாண்டகுடி எண்டு சொன்னாள், அவளுக்கு ஊத்தினாங்க. எனக்கு அடுத்த தெருவுக்கு நடக்க ஏலா. நானும் அதையே சொன்னன்."

விதுஷன் கையிலிருந்த படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் இதை எழுத இடமில்லை.

"அப்ப நீ என்ன குடி?" என்று இராசதுரை கேட்டார்.

"பெத்தாங்குடி எண்டு எங்கட அம்மா சொன்ன ஞாபகம்."

பெத்தாங்குடிக்கும் படையாண்டகுடிக்கும் ஒரு தடையும் இல்லை. தாராளமாகக் கட்டலாம். அவருடைய தாயின் தகப்பனே பெத்தாங்குடிதான்.

"ஏன்டி அப்பவே சொல்லல்ல?" என்று கத்தினார். "உன்ட புள்ளட வாழ்க்கைடி!"

"பயம் அண்ண. உங்கட அம்மா மகள் எண்டு சொல்லி என்னக் கட்டி வெச்சா. சடங்குல உங்கட குடிப் பெண்டுகளோட நிண்டு பொங்கினன். முப்பது வருசமாப் பொய்தான் சொன்னன் எண்டு எந்த வாயால சொல்ற? ஆனாலும் நீங்க வந்து ஒரு வார்த்த கேட்டா சொல்லுவம் எண்டுதான் இரிந்தன். நீங்க கேக்க வரல்ல. முடிவு சொல்லத்தான் வந்தீங்க. சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காமப் போய்ட்டீங்க." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தினேசுக்கும் இது தெரியா. சொல்லிராதீங்க."

இராசதுரை விதுஷனை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். முதலில் கோபம் வந்தது. கஞ்சிக்காகக் குடியை மாற்றிச் சொன்னவள் மேல், கேட்காமல் சேர்த்துக்கொண்ட தாய் மேல், வரிசையில் முன்னுக்கு நின்ற, பெயர் தெரியாத அந்தப் பெண் மேல்கூடக் கோபம் வந்தது. வாவிக்கரை வரை போனார். அங்கே கோபம் தீர்ந்துபோனது. ஆயிரத்து நாற்பத்தாறு பேரின் பிறப்பும் இறப்பும் கையெழுத்துப் போட்ட மனிதன். ஊரில் யார் யாருக்கு என்ன முறை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். தன் வீட்டுக்குள் வளர்ந்தவள் என்ன குடி என்று தெரியாமல் இருந்திருக்கிறான். படையாண்டகுடி அழியாமல் காக்கப் போய், அதன் ஒரே கொடியைத் தன் கையாலேயே வெட்டியிருக்கிறான். அழ வேண்டும் போல் இருந்தது. ஆனால் கரையில் வலை காயப் போட்டுக்கொண்டு ஆட்கள் நின்றார்கள்.

பின்னேரம் சர்மிலாவிடம் போனார். அவள் நடு அறையில் தாயின் சேலைகளைப் பிரித்து, கொடுக்கக்கூடியதைக் கொடுக்கவும் மிச்சத்தை எரிக்கவும் என்று இரண்டு பக்கமாகக் குவித்துக்கொண்டிருந்தாள். இராசதுரை கதிரையில் இருக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சூறாவளியை, கஞ்சியை, பெத்தாங்குடியை.

"நான் தெரியாமப் பிழை உட்டுட்டன் புள்ள" என்றார். "குடி வேறயாம். நீங்க முடிச்சிருக்கலாம். தெரிஞ்சிருந்தா நானே முன்னுக்கு நிண்டு முடிச்சி வெச்சிருப்பன். அம்மன் அறிய, எனக்குத் தெரியா."

அவள் கையிலிருந்த சேலையை மடித்து முடித்தாள். அவள் அழுவாள், ஏசுவாள், தன்னை வெளியே போகச் சொல்வாள் என்று அவர் நினைத்தார். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தார்.

"அண்டைக்குப் போன்ல நான் அழுதன் மாமா. உங்களுக்குக் கேட்டிச்சா?"

"கேட்டிச்சி."

"எவ்வளவு நேரம் அழுதன்?"

இராசதுரைக்குத் தெரியாது. அவள் அழத் தொடங்கியதும் போனைச் சீமேந்து மூட்டையின் மேல் வைத்துவிட்டு, முன் யன்னலை எங்கே வைப்பது என்று மேசனுக்குக் காட்டப் போய்விட்டார். திரும்பி வந்து எடுத்தபோதும் அவள் அழுதுகொண்டிருந்தாள். பிறகும் ஒருமுறை வைத்தார்.

"அப்ப இரத்தினம்மா பெரியம்மா என்ன குடியா இரிந்தா என்ன மாமா?" அவள் குரலை உயர்த்தவேயில்லை. "குடி ஒண்டா இரிந்தா நான் அழுதது செரி, வேறயா இரிந்தா பிழையா?"

  காலையிலிருந்து அவர் தன்னை நொந்ததெல்லாம் தவறாகக் கணக்கு வைத்ததற்காகத்தான் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. கணக்குச் சரியாக இருந்திருந்தால், இந்தப் பெண் அழுததை அவர் ஒருநாளும் நினைத்திருக்கவே மாட்டார்.

"உன்னிச்சைக்காரருக்கு ஏலாதெண்டு சொல்லிருங்க" என்றாள் சர்மிலா. "எனக்கு மறுக்கத் தெரியாமத்தான் பாப்பம் எண்டன். வியாழக்கிழமை பயணம். அங்க நான் ஆறு புள்ளய வளத்திருக்கன். கடைசிக்கு இப்ப எட்டு வயசு, நான் ஊட்டினாத்தான் தின்னும்."

"அது உன்ட புள்ளயா புள்ள?"

"இல்லதான்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த சேலையை எடுத்தாள். சிவமணி சடங்குக்குக் கட்டுகிற மஞ்சள் சேலை. அதை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

இராசதுரை சுவரோடு சாய்ந்து மெல்ல நிலத்தில் குந்தினார். அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக யோசனை கேட்கிற குரல் அவருக்கு வந்தது. "நான் இப்ப என்ன செய்யணும், சொல்லு. என்ன சொன்னாலும் செய்யிறன்."

"ஒண்டும் செய்யாதீங்க மாமா" என்றாள் அவள். "நீங்க எனக்குச் செஞ்சது போதும்."